சோலார் அப்புறம், முதலில் கூரை

கேள்வி: குன்னூரிலிருந்து எழுதுகிறேன். என் கணவரின் தாத்தா காலத்து வீடு. முன்பகுதி கருங்கல் சுவர், தகரக் கூரை, உள்ளே பலகை சீலிங். பின்னால் சமையலறையும் குளியலறையும் இருபது வருடத்துக்கு முன் ஹாலோ பிளாக்கில் கட்டி கான்கிரீட் போட்டது. எல்லாம் சேர்த்து ஆயிரம் சதுர அடி இருக்கும். நான்கு பேர் இருக்கிறோம், மாமியாருக்கு எழுபத்தெட்டு வயது. டிசம்பர், ஜனவரி கரண்ட் பில் 900 யூனிட் வந்துவிட்டது. ஏப்ரல், மே பில் 380தான். இவ்வளவு ஹீட்டர் போட்டும் அறை சூடாகவில்லை. பின்சுவரில் ஈரம், பீரோவுக்குப் பின்னால் பூஞ்சணம். சோலார் விற்க வந்தவர் 3 கிலோவாட் போட்டால் பில்லே வராது என்கிறார். பெங்களூரில் இருக்கும் மகன் ஜன்னல் எல்லாவற்றையும் இரட்டைக் கண்ணாடி வைத்த யுபிவிசி பிளாஸ்டிக் ஜன்னலாக மாற்றலாம் என்கிறான். கையில் இரண்டு லட்சம் இருக்கிறது. எதை முதலில் செய்வது? மாமியார் பழையபடி கரி அடுப்பை அறைக்குள் வைக்கச் சொல்கிறார், வைக்கலாமா?

பதில்:

வணக்கம் அம்மா.

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் இரண்டு மாதம் தள்ளிப்போனாலும் ஒன்றும் ஆகாது, இது இன்று ராத்திரி விஷயம். கரி அடுப்பை அறைக்குள் வைக்கவே கூடாது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் பரவாயில்லையா, படுக்கும் முன் வெளியே எடுத்துவிட்டால் பரவாயில்லையா என்று கேட்பீர்கள். அப்படியும் கூடாது. புகையே இல்லாமல் செக்கச்செவேல் என்று கனன்றுகொண்டிருக்கிறதே, அந்தக் கரியிலிருந்துதான் கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலை லேசாகக் கனக்கும், கண் சொக்கும், இதமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே படுத்துவிடுவார்கள். மலைக்குச் சுற்றுலா வந்தவர்கள் கறி சுட்ட கரியைக் குளிருக்காக அறைக்குள் எடுத்துப் போய் வைத்துக்கொண்டு தூங்கி, காலையில் எழுந்திருக்காமல் போன செய்திகளை நீங்களும் பேப்பரில் படித்திருப்பீர்கள்.

"அந்தக் காலத்தில் வைத்தோமே, ஒன்றும் ஆகவில்லையே" என்று மாமியார் சொல்வார். அவர் சொல்வது பொய்யில்லை. அந்த வீட்டில் கதவு இடுக்கு, பலகை இடுக்கு, கூரை இடுக்கு என்று எல்லா வழியிலும் காற்று ஓடிக்கொண்டிருந்தது. நான் இனிமேல் சொல்லப்போகும் வேலையில் பாதி அந்த இடுக்குகளை அடைப்பதுதான். அடைத்த வீட்டில் கரி வைப்பது விஷப்பரீட்சை. குளியலறைக்குள் கேஸ் கீசர் வைத்திருந்தால் அதற்கும் இதே பேச்சுதான், அதை வெளிச்சுவருக்கு மாற்றிவிடுங்கள்.

சரி, இப்போது பில்லுக்கு வருவோம். நீங்கள் எழுதிய இரண்டு எண்ணே பாதிக் கதையைச் சொல்லிவிட்டது, அதற்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். பெரும்பாலானவர்கள் "பில் ஜாஸ்தி வருது சார்" என்று மட்டும்தான் எழுதுவார்கள். குளிர்காலத்துக்கும் வெயில் காலத்துக்கும் நடுவில் 520 யூனிட் வித்தியாசம். 2000 வாட் ஹீட்டர் தினமும் நாலு மணி நேரம் ஓடினால் எட்டு யூனிட், அறுபது நாளைக்கு 480. ஆக வித்தியாசம் கிட்டத்தட்ட முழுவதும் ஹீட்டர்தான். மிச்சத்தில் பெரிய பங்கு வெந்நீர். குழாய்த் தண்ணீர் 15 டிகிரியில் வருகிறது என்று வைத்துக்கொண்டால், 15 லிட்டர் பக்கெட் ஒன்றைக் குளிக்கும் சூட்டுக்கு, அதாவது 40 டிகிரிக்குக் கொண்டுவர அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். ஆளுக்கு இரண்டு பக்கெட் என்றால் நாலு பேருக்கு ஒரு நாளைக்கு மூன்றரை யூனிட், இரண்டு மாதத்துக்கு 210. மீதி ஃப்ரிட்ஜ், மோட்டார், லைட், டிவி. லைட்டை எல்இடியாக மாற்றிவிட்டீர்களா என்று கேட்பதோடு அந்தப் பக்கத்தை விட்டுவிடுகிறேன், அங்கே பெரிதாக ஒன்றும் மிச்சமாகாது.

இங்கே கவனிக்க வேண்டிய இன்னொன்று, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டியவுடன் நம் ஊர் கட்டண விகிதமே மாறிவிடுகிறது. மேலே போகப்போக ஒரு யூனிட்டின் விலை ஏறிக்கொண்டே போகும். அதனால் நீங்கள் மிச்சம் பிடிக்கும் யூனிட் எல்லாம் விலை உயர்ந்த யூனிட். 900ஐ 500க்குக் கீழே கொண்டுவந்தால் பில் பாதியாகாது, பாதிக்கும் நன்றாகவே கீழே போகும்.

ஹீட்டர் போட்டும் அறை ஏன் சூடாகவில்லை? ஹீட்டர் நன்றாகத்தான் வேலை செய்கிறது. சூடு மேலே போய், பலகை இடுக்கு வழியாகக் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் இருக்கும் இடத்துக்குப் போய், தகரத்தைச் சூடாக்கிவிட்டு வானத்துக்குப் போய்விடுகிறது. ஜனவரியில் மேகமே இல்லாமல் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும் ராத்திரிகளில் தகரம் வெளிக்காற்றைவிடவும் அதிகமாகக் குளிர்ந்துவிடும். உறைபனி விழும் ராத்திரிகளும் அவைதான். காலையில் தகரத்தின் அடிப்பக்கம் கையை வைத்துப் பாருங்கள், வியர்த்து நனைந்திருக்கும். அந்தத் தண்ணீர் சொட்டி சீலிங் பலகையில் வட்ட வட்டமாகப் பழுப்புக் கறை பிடித்திருந்தால் அதைக் கூரை ஓட்டை என்று நினைத்து ஷீட்டை மாற்றிவிடாதீர்கள். இப்படி மாற்றிவிட்டு, கறை திரும்ப வந்ததும் ஷீட் போட்டவரோடு சண்டை பிடித்தவர்கள் உண்டு.

கணக்காகவே பார்த்துவிடலாம், மகனுக்கும் காட்டலாம். ஒரு சதுர மீட்டர் வழியாக, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது எத்தனை வாட் சூடு கசிகிறது என்று ஒரு அளவு உண்டு. யு மதிப்பு என்பார்கள். உங்களுடையது போல் தகரமும் பலகையும் மட்டும் இருக்கும் கூரைக்கு அது சுமார் 2.5. மத்திய அரசு 2018ல் புது வீடுகளுக்காகக் கொண்டுவந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித் தொகுப்பு, கூரைக்கு 1.2க்கு மேல் போகக் கூடாது என்கிறது. நம்முடையது அதைப்போல் இரண்டு மடங்கு. உங்கள் தகரக் கூரை 750 சதுர அடி, அதாவது 70 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வெளியே 8 டிகிரி, உள்ளே 18 வேண்டும். 70, 2.5, 10 மூன்றையும் பெருக்கினால் 1750 வாட். கிட்டத்தட்ட ஒரு ஹீட்டர் முழுக்கவும் கூரைக்கே எரிகிறது. சீலிங் பலகைக்கு மேல் மூன்று அங்குலம் ராக் வூல், அதாவது பாறையை உருக்கி இழையாக்கிய கம்பளி, விரித்தால் அதே யு மதிப்பு 0.45க்கு அருகில் வந்துவிடும், கசிவு சுமார் 300 வாட்டாகக் குறையும்.

மகன் சொல்லும் ஜன்னலையும் இதே கணக்கில் போடுங்கள். உங்கள் வீட்டில் கண்ணாடிப் பரப்பு எட்டு சதுர மீட்டர் இருந்தால் அதிகம். ஒற்றைக் கண்ணாடிக்கு யு மதிப்பு ஐந்தரை, இரட்டைக்கு மூன்றுக்குக் கொஞ்சம் கீழே. அதே பத்து டிகிரிக்கு மிச்சமாவது இருநூற்றுச் சொச்சம் வாட். கூரையில் மிச்சமாவது அதைப்போல் ஆறேழு மடங்கு, செலவோ ஜன்னல் செலவில் ஒரு பங்குதான். உங்கள் மகன் சொல்வது தப்பு என்று சொல்லவில்லை. பெங்களூர் ஃப்ளாட்டில் மேலே இன்னொரு வீடு இருக்கிறது, கீழே ஒரு வீடு இருக்கிறது, அங்கே இருப்பவருக்குக் கண்ணில் படுவது ஜன்னல்தான். இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் பழைய தேக்கு ஜன்னல்களைப் பிடுங்கிப் போட்டால் திரும்பக் கிடைக்காது.

ராக் வூல் போடும்போது கவனிக்க வேண்டியவற்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், வேலை கெட்டுப்போவதெல்லாம் இங்கேதான். முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு சீலிங்குக்கு மேல் ஓடும் வயரைப் பார்க்கச் சொல்லுங்கள். தாத்தா காலத்து வயர் இன்னும் இருந்தால் அதை மாற்றாமல் மேலே கம்பளி போர்த்தக் கூடாது, சூடு வெளியேற வழியில்லாமல் வயர் உருகும். சீலிங்கில் குழி வெட்டிப் பதித்த லைட் இருந்தால் அதைச் சுற்றியும் இடம் விட வேண்டும். அடுத்தது வரிசை. கீழே பலகை, பலகைக்கு மேல் கனமான பாலிதீன் ஷீட், அதற்கு மேல் ராக் வூல். ஷீட் சூடான பக்கம்தான் இருக்க வேண்டும், அதாவது அறைப் பக்கம். மாற்றி மேலே போட்டால் சமையலறை ஆவியெல்லாம் கம்பளிக்குள் ஏறித் தண்ணீராகி உள்ளேயே நிற்கும், இரண்டே மழைக்காலத்தில் பலகை உளுத்துவிடும். ராக் வூலுக்கும் தகரத்துக்கும் நடுவில் நாலு விரல் இடமாவது காலியாக இருக்கட்டும். இறவாணத்தில் காற்று போய்வரும் இடைவெளியை அடைக்கக் கூடாது, எலி வராமல் கம்பிவலை மட்டும் அடித்துவிடுங்கள். தெர்மாகோல் மலிவு என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். எலி கடிக்கும், தீப்பிடித்தால் நிற்காது, பழைய வயர் இருக்கும் இடத்தில் அது ஆகாது. வேலை செய்பவர் முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டிருப்பார், அடுத்த நாள் வரமாட்டார்.

பொருள் மேட்டுப்பாளையத்திலோ கோயம்புத்தூரிலோ வாங்கி ஏற்றிக்கொண்டு வந்தால் விலை படியும். கூலியோடு சேர்த்தாலும் உங்கள் இரண்டு லட்சத்தில் பாதிக்குள் இந்த வேலை அடங்கிவிட வேண்டும். அடங்காது என்று யாராவது சொன்னால் வேறு ஒருவரிடமும் விலை கேளுங்கள்.

கூரை முடிந்ததும் காற்று. இதற்குச் செலவே இல்லை என்று சொல்லலாம். காற்று பலமாக அடிக்கும் ஒரு ராத்திரி, எல்லாக் கதவு ஜன்னலையும் மூடிவிட்டு, ஃபேனையும் நிறுத்திவிட்டு, ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். ஜன்னல் சட்டத்தின் நாலு ஓரம், கதவின் அடி, சுவரும் சீலிங்கும் சேரும் மூலை, சுவிட்ச் பாக்ஸ். புகை நேராக மேலே போனால் அந்த இடம் சரி. பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனால் அங்கே ஒரு பென்சில் கோடு போட்டு வையுங்கள். உங்கள் முன்னறையில் கணப்பு இருக்கிறதா என்று எழுதவில்லை, அந்த வயது வீட்டில் பெரும்பாலும் இருக்கும். இருந்தால் அதன் வாயருகே பத்தியைக் காட்டுங்கள், புகை மொத்தமும் உள்ளே பாய்ந்து புகைபோக்கிக்குள் ஏறும். அது இருபத்து நாலு மணி நேரமும் திறந்து வைத்த ஜன்னல். இனி அதில் நெருப்பு போடப்போவதில்லை என்றால் வாயை ஒரு பலகை வைத்து மூடி, பலகையில் கட்டைவிரல் அளவில் இரண்டு துளை மட்டும் விடுங்கள், புகைபோக்கியின் உள்சுவர் காய அந்தக் காற்று போதும். உச்சியில் மழை இறங்காமல் ஒரு தொப்பி. எப்போதாவது விறகு போடுவோம் என்றால் கழற்றி மாட்டுகிற மாதிரி பலகையைச் செய்யச் சொல்லுங்கள், கழற்றாமல் மட்டும் பற்றவைத்துவிடாதீர்கள்.

ஜன்னல் இடுக்குக்கு ஒட்டும் ரப்பர் பட்டை, கதவின் அடிக்கு பிரஷ் பட்டை, கண்ணாடி ஓரத்தில் உதிர்ந்துபோன புட்டிக்குப் பதில் புதுப் புட்டி. மாமியார் அறை ஜன்னலுக்கு மட்டும் உள்பக்கம் ஒரு அக்ரிலிக் ஷீட்டைச் சட்டம் கட்டிக் கொக்கியில் மாட்டும்படி ஆசாரியிடம் செய்து வாங்குங்கள். இரட்டைக் கண்ணாடியில் கிடைக்கும் பலனில் பெரும்பகுதி அதிலேயே கிடைத்துவிடும், ஏப்ரலில் கழற்றிப் பரண்மேல் போட்டுவிடலாம். கனமான திரை போடுங்கள். பகலில் வெயில் வரும் பக்கத்தை முழுக்கத் திறந்து விட்டு, ஐந்தரை மணிக்கு இழுத்து மூடிவிடுங்கள். சமையலறையில் மட்டும் எக்ஸாஸ்ட் ஃபேன் துவாரத்தை அடைக்க வேண்டாம், கேஸ் அடுப்பு எரியும் இடத்தில் காற்று வந்து போகத்தான் வேண்டும். முன்பகுதியில் பலகைத் தரை இருந்தால், வெளியே அஸ்திவாரத்தில் தரைமட்டத்தையொட்டி இரும்புச் சல்லடை வைத்த சின்னத் துவாரங்கள் இருக்கும். குளிர் வருகிறது என்று அதையும் அடைத்துவிடுகிறார்கள். அடைத்தால் பலகைக்கு அடியில் இருக்கும் உத்தரம் புழுங்கி உளுத்துவிடும்.

இனி ஈரம். இதை நீங்கள் தனிப் பிரச்சினையாக எழுதியிருக்கிறீர்கள், உண்மையில் பில்லோடு சேர்ந்த பிரச்சினைதான். ஈரச் சுவர் காய்ந்த சுவரைவிட வேகமாகச் சூட்டை வெளியே விட்டுவிடும். குன்னூர்ப் பக்கம் சரிவை வெட்டித்தான் வீடு கட்டுகிறோம், பின்சுவருக்குப் பின்னால் மண்மேடு நிற்கும். வருடா வருடம் மண் சரிந்து சரிந்து, வீட்டுக்குள் இருக்கும் தரையைவிட வெளியே மண் உயரமாகிவிட்டிருக்கும். போய்ப் பாருங்கள். அப்படியிருந்தால் சுவரை ஒட்டி மண்ணை வெட்டி எடுத்து, உள்தரைக்கு அரை அடியாவது கீழே இறக்கி, தண்ணீர் நிற்காமல் ஓடும்படி ஒரு வாய்க்கால் விடச் சொல்லுங்கள். மேடு உயரமாக இருந்தால் ஒரேயடியாக வெட்ட வேண்டாம், மண் சரியும். ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு வெட்டுங்கள். கூரை ஓரத்தில் மழைநீர் வடியும் தகரத் தாரையில் சில்வர் ஓக் இலை அடைத்துக்கொண்டு தண்ணீர் சுவரில் வழிகிறதா என்று மழை பெய்யும்போது குடையோடு நின்று பார்க்க வேண்டும், வெயிலில் பார்த்தால் தெரியாது. ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூன், ஜூலையில் அடித்து ஊற்றும், உங்களுக்கும் கோத்தகிரிக்கும் அக்டோபருக்கு மேல்தான் பெரிய மழை. ஆகவே பிப்ரவரி, மார்ச்சில் மண்ணை இறக்கிவிட்டால் சுவர் காய்வதற்கு நிறைய நாள் கிடைக்கும்.

காய்வதற்குள் யாராவது வந்து "வாட்டர் ப்ரூஃப் பெயிண்ட் அடித்தால் சரியாகிவிடும்" என்பார்கள். கருங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் விட்டுவிடும், அப்படித்தான் அது இத்தனை வருடம் நிற்கிறது. அதன்மேல் சிமெண்ட் பூச்சும் பிளாஸ்டிக் பெயிண்டும் ஏற்றினால் வாங்கிய ஈரம் வெளியேற முடியாமல் உள்பக்கமாக ஏறும், தரைக்கு மேல் மூன்றடி வரைக்கும் பூச்சு உப்பி உதிரும். பழைய பகுதியில் உதிர்ந்த இடத்துக்குச் சுண்ணாம்புப் பூச்சும் வெள்ளையடிப்பும் மட்டும் போதும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் இப்போது குறைவு, கோயில் வேலை செய்பவர்களிடம் விசாரித்துப் பாருங்கள். பீரோவுக்குப் பின்னால் இருக்கும் பூஞ்சணத்துக்குச் சுவர் ஈரம் மட்டும் காரணம் இல்லை. அங்கே காற்றும் போவதில்லை, சுவரும் குளிர்ந்திருக்கிறது, அறைக்குள் கொடி கட்டித் துணி உலர்த்தினால் அந்தத் தண்ணீரும் அங்கே போய்த்தான் படியும். பீரோவை ஒரு சாண் முன்னால் இழுத்து வையுங்கள். மத்தியானம் வெளியே பனிமூட்டம் இருந்தாலும் பத்து நிமிடம் எதிரெதிர் ஜன்னலைத் திறந்து மூடுங்கள். குளிர்ந்த காற்றில் ஈரப்பதம் நூறு சதவீதம் என்று காட்டினாலும் அதில் இருக்கும் தண்ணீரின் அளவு குறைவுதான், உள்ளே வந்து சூடானதும் அது காய்ந்த காற்றாகிவிடும்.

பேச்சு நீள்கிறது, ஆனால் உங்கள் மாமியார் அறையைச் சொல்லாமல் விட முடியாது. வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018ல் சொன்னது, வயதானவர்களுக்கு அதற்கு மேலும் தேவைப்படலாம். வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, அவர் தலைமாட்டில் வைத்து காலை ஆறு மணிக்கு என்ன காட்டுகிறது என்று காலண்டரிலேயே எழுதுங்கள். வேலைக்கு முன் ஒரு வாரம், பின் ஒரு வாரம். போட்ட காசு வேலை செய்கிறதா என்று பில் வருவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

முழு வீட்டையும் சூடாக்க வேண்டியதில்லை, அவர் அறை ஒன்று போதும். எண்ணெய் நிரப்பிய ஹீட்டர் கரண்டை மிச்சம் செய்யும் என்று கடையில் சொல்வார்கள். ஆயில் ஹீட்டர், ஃபேன் ஹீட்டர், சிவப்பாக எரியும் கம்பி ஹீட்டர் எதுவாக இருந்தாலும் ஒரு யூனிட் கரண்டுக்கு ஒரு யூனிட் சூடுதான், அதற்கு மேல் தர எந்த ஹீட்டராலும் முடியாது. ஆயில் ஹீட்டரில் கம்பி ஹீட்டர் அளவுக்குக் கை சுடாது, அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் சூடு தருவது ஒன்று உண்டு, சூடும் குளிரும் இரண்டும் தரும் இன்வெர்ட்டர் ஏசி. அது சூட்டை உற்பத்தி செய்வதில்லை, வெளிக்காற்றில் இருப்பதை எடுத்து உள்ளே தள்ளுகிறது. நீலகிரியில் ஏசியா என்று அக்கம்பக்கத்தில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். காஷ்மீர்க் குளிரில் அது திணறும், நம் ஊரில் ராத்திரி ஐந்து, எட்டு டிகிரி என்பது அதற்குச் சொகுசான வேலை. கூரையும் இடுக்கும் அடைத்த பிறகு அவர் அறைக்குத் தேவைப்படும் சூடு ஐந்நூறு, அறுநூறு வாட்டுக்குள் அடங்கிவிட்டால், ஏசி இழுப்பது இருநூறு வாட் பக்கம்தான். இப்போது இழுப்பது இரண்டாயிரம். கூரை போடாமல் இதை மட்டும் வாங்கினால் பாதிப் பலன்கூட வராது. வாங்கும்போது சூடாக்கும் வசதி உள்ள மாடலா என்று கேட்டு வாங்குங்கள், இங்கே கடையில் அடுக்கி வைத்திருப்பது பெரும்பாலும் குளிர்விக்க மட்டும்தான். இந்த வருடமே அது முடியாது என்றால் மின்சாரக் கம்பளி விரிப்பு ஒன்று வாங்கிக் கொடுங்கள், நூறு வாட்டுக்குள்தான் பிடிக்கும். தானே அணையும் டைமர் உள்ளதாக இருக்கட்டும். அவருக்குச் சர்க்கரை நோய் இருந்து கால் மரத்துப்போகும் தொந்தரவு உண்டென்றால் டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம், சூடு தெரியாமல் புண்ணாகிவிடும்.

வெந்நீருக்கு இப்போதைக்குச் செலவு செய்ய வேண்டாம். கீசரை 60ல் வைத்து நாள் முழுக்க ஆனில் விட்டிருந்தால் குளிக்கும் முன் மட்டும் போடுங்கள், கீசரிலிருந்து குழாய் வரை ஓடும் பைப்புக்கு நுரை உறை மாட்டுங்கள். பிறகு பணம் சேரும்போது சோலார் வாட்டர் ஹீட்டர், குழல் வகை. தட்டை வகையில் உறைபனி ராத்திரியில் உள்ளே நிற்கும் தண்ணீர் உறைந்து செம்புக் குழாய் வெடிக்கும் ஆபத்து உண்டு. குழல் வகைக்கு ஆபத்து குரங்கு. கண்ணாடிக் குழலைப் பிடித்துத் தொங்கி உடைத்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி அடுத்த வீட்டுக்குப் போய்விடும், அதனால் மேலே கம்பிவலைச் சட்டத்துக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.

கடைசியாகச் சோலார் பேனல். கெட்ட யோசனை இல்லை, வரிசைதான் தப்பு. பிரதமர் சூரிய வீடு திட்டம் 2024ல் வந்தது, முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000, ஆக மொத்தம் 78,000 மானியம். மூன்றாவது கிலோவாட்டுக்கு மானியம் குறைகிறது பாருங்கள். வீட்டுத் தேவை 900லிருந்து 400 பக்கம் வந்துவிட்டால் உங்களுக்கு மூன்றாவது கிலோவாட்டே வேண்டியிருக்காது. சமவெளியில் ஒரு கிலோவாட் ஒரு நாளைக்கு நாலு யூனிட் தரும் என்பதை வைத்துத்தான் அவர் கணக்குப் போட்டிருப்பார். குளிரில் பேனல் நன்றாக வேலை செய்யும் என்பது உண்மை, ஆனால் மூட்டம் போட்ட நவம்பரிலும், எதிர்மலையும் யூகலிப்டஸும் மூன்று மணிக்கே வெயிலை மறைத்துவிடும் வீட்டிலும் அந்த நாலு வராது. உங்கள் கூரையில் டிசம்பரில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை வெயில் விழுகிறது என்று அவர் கேட்டாரா? கேட்காமலே 3 கிலோவாட் என்று சொன்னவரிடம் வாங்க வேண்டாம். பைக்காராவில் 1932லிருந்து கரண்ட் எடுத்துக் கீழே அனுப்பிக்கொண்டிருக்கும் மாவட்டம் இது, நமக்குக் கரண்ட் தயாரிப்பது புதிதில்லை, தயாரித்ததைக் கூரை வழியாக வானத்துக்கு விடுவதைத்தான் நிறுத்த வேண்டும்.

பேனல் ஒருமுறை ஏறிவிட்டால் அதற்கடியில் தகரத்தையோ அதைத் தாங்கும் ரீப்பர் கட்டையையோ மாற்ற எல்லாவற்றையும் கழற்ற வேண்டும், கூரை வேலையை முதலில் முடிக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். ராக் வூல் போட ஆசாரி மேலே ஏறுவார் இல்லையா, அன்றைக்கே ஒவ்வொரு கைமரமும் சுவரில் உட்காரும் முனையை ஒரு திருப்புளியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் நன்றாக இருக்கும், உளுப்பதெல்லாம் அந்த முனையில்தான். திருப்புளி அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அந்தக் கைமரத்துக்குச் சாக்பீஸில் ஒரு குறி போடட்டும். அந்தக் குறிகளின் போட்டோவையும், மாமியார் அறையின் ஒரு வாரக் கணக்கையும் அனுப்பினீர்கள் என்றால் பேனலை அந்தக் கூரை தாங்குமா, தாங்காதா என்று சொல்கிறேன்.